ஜூனில் நட்டால் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: எங்கள் சுற்றாடல் கழகம் ஜூன் 5 அன்று 40 மரக்கன்றுகள் நட்டது. இப்போது மிஞ்சியிருப்பவை ஆறுதான். என்ன பிழை?
– மாணவத் தலைவி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, பிழை நாளில்தான். சுற்றாடல் தினத்தில் நடுவது நல்ல எண்ணம். ஆனால் மட்டக்களப்பில் அது வறண்ட கச்சான் காற்று வீசும் காலம், மழையும் இல்லை. கரையோர மணல் ஊற்றுகிற தண்ணீரை அப்படியே கீழே இறக்கிவிடும். ஜூனில் கழகத்தைக் கூட்டுங்கள், குழி வெட்டுங்கள், மாட்டெரு சேருங்கள். நடுகையை ஒக்டோபர் கடைசியில், மாரி மழை பிடித்ததும் வையுங்கள்.

குழி 2 அடி ஆழம், 2 அடி அகலம். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்புறம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். மேலே மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு. பச்சைச் சாணம் வேண்டாம், வேர் வெந்துவிடும். கன்றின் பொலித்தீன் பையைக் கட்டாயம் கிழித்தெடுங்கள். பட்டுப்போன கன்றொன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் அதுவும் ஒரு காரணம்.

வேம்பு, பூவரசு, புங்கை மணலைத் தாங்கும். ஆடு மாட்டுக்கு முள்வேலி அவசியம்.

இன்னொன்று, 40 வேண்டாம். பத்துக் கன்று, கன்றுக்கு இரண்டு பிள்ளைகள். அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலை நடும் நாளிலேயே எழுதி ஒட்டுங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளைகளாகப் பார்த்துப் போடுங்கள்.