மாதம் 3,000 பேர் வரும் கடைக்கு ஏ/பி டெஸ்டிங் பேக்கேஜ் தேவையா?

கேள்வி: கைத்தறிப் புடவை, வேட்டி விற்கும் சிறிய ஆன்லைன் கடை நடத்துகிறேன். மாதம் சுமார் 3,000 பேர் தளத்துக்கு வருகிறார்கள், 60 ஆர்டர் விழுகிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் மூன்றிலும் விளம்பரம் கொடுக்கிறேன். ஏ/பி டெஸ்டிங் (ஒரே பக்கத்தின் இரண்டு வடிவத்தை வருகிறவர்களுக்குப் பிரித்துக் காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது) செய்தால் விற்பனை கூடும், மாதாந்திரப் பேக்கேஜ் எடுங்கள் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எந்த இடத்தில் திரும்பிப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டை முதலில் ஒழுங்காகச் செய்யுங்கள். சின்னக் கடைகளுக்கு விளம்பரம் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில், ஜவுளிதான் அதிகம். டெஸ்டிங் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. உங்கள் கடையின் கணக்குக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 3,000 பேரில் 60 ஆர்டர் என்றால் 2 சதவீதம். பட்டனின் நிறத்தையோ தலைப்பையோ மாற்றினால் இது 2.4 சதவீதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சின்ன மாற்றத்துக்கு இதுவே பெரிய லாபம். இந்த வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று நம்பிச் சொல்ல, புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் அளவுகோலின்படி (95 சதவீத நம்பகம், உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு) ஒவ்வொரு வடிவத்தையும் சுமார் 21,000 பேர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வடிவத்துக்கும் சேர்த்து 42,000 பேர். உங்களுக்கு வரும் கூட்டத்துக்கு 14 மாதம் ஆகும். அதற்குள் ஒரு பொங்கல், ஒரு ஆடி, ஒரு தீபாவளி போய்விடும், சரக்கே மாறியிருக்கும்.

அதுவே 2 சதவீதம் 4 ஆகிற அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால், ஒரு வடிவத்துக்கு 1,200 பேர் போதும். ஒரு மாதத்துக்குள் பதில் கிடைத்துவிடும். ஆனால் விற்பனையை இரட்டிப்பாக்கும் மாற்றம் பட்டன் நிறத்தில் வராது. விலை, டெலிவரி கட்டணம், கேஷ் ஆன் டெலிவரி உண்டா இல்லையா, புடவையைக் கட்டிக் காட்டும் படமா மடித்து வைத்த படமா, இப்படிப்பட்ட இடங்களில்தான் அது வரும்.

ஏஜென்சிக்காரர் ஸ்லைடு போட்டு ஒபாமா கதையைக் கட்டாயம் சொல்லியிருப்பார். கதை உண்மைதான். 2007 டிசம்பரில் ஒபாமாவின் பிரசாரத் தளத்தில் முகப்புப் பக்கத்தைச் சோதித்தார்கள். நான்கு விதப் பட்டன், ஆறு விதப் படமும் வீடியோவும், மொத்தம் 24 சேர்க்கை. பழைய பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தார்கள். குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும் சேர்ந்த பக்கத்தில் அது 11.6 ஆனது. அந்தக் குழுவே ஜெயிக்கும் என்று நினைத்தது ஒரு வீடியோவை. வீடியோக்கள் எல்லாமே படங்களுக்குப் பின்னால்தான் வந்தன. அதை நடத்திய டான் சிரோக்கர் பிறகு ஆப்டிமைஸ்லி என்ற டெஸ்டிங் கம்பெனியையே ஆரம்பித்தார். ஸ்லைடில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: சோதனையில் வந்தவர்கள் 3,10,382 பேர். ஒரு சேர்க்கைக்கே சுமார் 13,000 பேர்.

மைக்ரோசாஃப்டின் பிங் தேடலிலும் இதே மாதிரி ஒன்று. விளம்பரத் தலைப்பைக் கொஞ்சம் நீட்டிக் காட்டலாம் என்று ஒரு ஊழியர் சொன்ன யோசனை ஆறு மாதத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. 2012இல் ஒருவர் சோதித்துப் பார்த்ததில் வருமானம் 12 சதவீதம் கூடியது, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். மேலே உட்கார்ந்திருப்பவரின் அபிப்பிராயத்தை நம்பாதே என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் பிங்குக்கு ஒரு மணி நேரத்தில் வரும் கூட்டம் உங்களுக்கு வருஷம் முழுக்க வராது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? முதலில் எண்கள் சுத்தமாக வேண்டும். நான் போய்ப் பார்க்கிற கடைகளில் பெரும்பாலும் தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஏற்கெனவே போட்டிருக்கும், உள்ளே இருப்பது பாதிக் குப்பையாக இருக்கும். முதலாளியும் அவர் வீட்டாரும் கடைப் பையன்களும் தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். புது டிசைன் ஏற்றினால் மச்சான் திருப்பூரிலிருந்து திறந்து பார்த்து 'நல்லாருக்கு' என்று மெசேஜ் போடுவார். ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் தளத்தில் இவர்களே ஒரு கணிசமான பங்கு. உள் ஆட்களின் வருகையை வடிகட்ட அதிலேயே வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை. கஸ்டமர் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, அந்த ஆர்டர் கேட்வேயிலிருந்து வந்ததாகப் பதிவாகிவிடும். இன்ஸ்டாகிராமுக்குச் சேர வேண்டிய பெயர் கேட்வேக்குப் போகும். அனலிட்டிக்ஸில் தேவையற்ற பரிந்துரைகள் என்ற பட்டியலில் கேட்வேயின் முகவரியைச் சேர்த்தால் தீர்ந்தது. அப்புறம் அனலிட்டிக்ஸ் விவரமான தரவை இரண்டு மாதம்தான் வைத்திருக்கும், நீங்கள் மாற்றாவிட்டால். அதை 14 மாதம் ஆக்கிவிடுங்கள். போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை விவரமாக ஒப்பிட அப்போதுதான் முடியும்.

இப்போது வாட்ஸ்அப். நம் ஊர்க் கடைகளுக்கு இது தனிப் பாடம். நீங்கள் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் போடும் லிங்க்கைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் 'நேரடி' என்ற தலைப்பில் விழுவார்கள். முதலாளி அதைப் பார்த்து, நம் பெயரை டைப் அடித்தே இத்தனை பேர் வருகிறார்களே என்று மகிழ்ந்துபோவார். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு லிங்க்குக்கும் யுடிஎம் வால் (லிங்க்கின் கடைசியில் ஒட்டும் அடையாளக் குறிப்பு) சேர்த்துக் கொடுங்கள்: எங்கிருந்து, எந்த வகை, எந்தப் பிரசாரம் என்று மூன்று விவரம் போதும். பெயர்களை எப்போதும் ஒரே மாதிரி, சின்ன எழுத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்தில் ஒரு தடவை, சின்ன எழுத்தில் ஒரு தடவை எழுதினால் அனலிட்டிக்ஸ் இரண்டு தனி இடமாக எண்ணும். தளத்துக்கு உள்ளே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் மட்டும் அந்த வாலை ஒட்டவே கூடாது, மூலம் குழம்பிவிடும்.

தளத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்து ஆர்டர் சொல்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரத்தில் கூப்பனின் ஓரத்தில் ஒரு குறியீடு அச்சடித்திருப்பார்கள், எந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுதினார்கள் என்று தபாலைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். வாட்ஸ்அப் லிங்க்கிலும் முன்கூட்டியே எழுதிய செய்தியை வைக்கலாம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 'கட்டம் போட்ட புடவை விவரம் வேண்டும் – இ1', கூகுளுக்கு அதே வரி 'கூ1' என்று. கஸ்டமர் அப்படியே அனுப்பிவிடுவார், அழிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

இதெல்லாம் எத்தனை பேர் என்று சொல்லும், ஏன் போனார்கள் என்று சொல்லாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போடுங்கள், இலவசம். வருகிறவர் திரையில் எங்கே தொட்டார், எவ்வளவு தூரம் இறங்கினார், எங்கே நின்றார் என்று வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டும். சென்னிமலைப் பக்கம் ஒரு பெட்ஷீட் கடைக்கு இதைப் போட்டோம். ஒரு பதிவில், போனில் வந்த ஒருவர் பெட்ஷீட் படத்தைத் தட்டுகிறார், பெரிதாகவில்லை, மறுபடியும் தட்டுகிறார். கீழே இறங்கி அளவைத் தேடுகிறார். '90 x 100' என்று மட்டும் போட்டிருக்கிறது, டபுள் காட்டா சிங்கிள் காட்டா என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்தும் கார்ட்டில் போடுகிறார். பின்கோடு அடித்த பிறகுதான் டெலிவரி கட்டணம் 120 ரூபாய் என்று வருகிறது. விரல் அங்கேயே நிற்கிறது. மேலே போய் ஷிப்பிங் பக்கத்தைத் திறந்து, கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். அடுத்தடுத்த பதிவுகளிலும் ஏறக்குறைய இதே பாதை: கார்ட், கட்டணம், ஷிப்பிங் பக்கம், வெளியே.

கட்டணத்தை விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னேன். அளவுக்குக் கீழே 'டபுள் காட்டுக்கு' என்று எழுதினார்கள். படம் தட்டினால் பெரிதாகும்படி செய்தார்கள். இதற்கு எதற்கு டெஸ்ட்? ஓட்டையாக இருப்பதை அடைக்க யாரிடமும் சோதனை முடிவு கேட்க வேண்டியதில்லை. ஆர்டர் கூடியது. ஆனால் அதே சமயம் ஆடித் தள்ளுபடியும் ஆரம்பித்ததால், இதனால் எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கார்ட்டிலிருந்து ஷிப்பிங் பக்கத்துக்கு ஓடுபவர்கள் குறைந்தார்கள், அதை மட்டும் அடித்துச் சொல்வேன். 'போன மாதம் மாற்றினோம், இந்த மாதம் 30 சதவீதம் ஏறியது' என்று யாராவது சொன்னால் முதலில் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். முகூர்த்த மாதமா, சம்பள வாரமா, மார்கழியா என்று.

டெஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்றால் விளம்பரத்தில் செய்யுங்கள். தளத்துக்கு 3,000 பேர்தான் வருகிறார்கள், விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு. அதனால் பதில் சீக்கிரம் வரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் ஏ/பி டெஸ்ட் என்று தனி வசதி இருக்கிறது, கூடுதல் காசு இல்லை. ஒரே ஆட் செட்டில் (ஒரே ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பில்) இரண்டு விளம்பரத்தைப் போட்டுவிட்டு எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது டெஸ்ட் ஆகாது. மெட்டா ஆரம்பத்திலேயே ஏதோ ஒன்றின் பக்கம் சாய்ந்து, பணத்தை எல்லாம் அதற்கே ஊற்றிவிடும். தனி வசதியில் ஆட்களை இரண்டாகப் பிரித்துக் காட்டும்.

ஆனால் கிளிக்கை வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஆர்டரை வைத்தும் சொல்லாதீர்கள், குறிப்பாக கேஷ் ஆன் டெலிவரி இருந்தால். ஒரு பேச்சுக்கு: 'பாதி விலை' என்று கத்தும் விளம்பரத்துக்கு 20,000 ரூபாய் செலவு, 100 ஆர்டர். நெசவையும் நூலையும் பற்றிச் சொல்லும் விளம்பரத்துக்கு 26,000 ரூபாய், அதுவும் 100 ஆர்டர். திரையில் முதலாவதுதான் ஜெயித்தது, ஆர்டருக்கு 200 ரூபாய். பார்சல் போன பிறகு முதலாவதில் 40 திரும்பி வருகிறது, இரண்டாவதில் 10. இப்போது கைக்குப் பணம் வந்த ஒவ்வொரு பார்சலுக்கும் முதலாவதில் 333 ரூபாய், இரண்டாவதில் 289. திரும்பிய பார்சலுக்கு நீங்கள் கட்டும் இரண்டு வழிக் கூரியர் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கசங்கி வரும் புடவையை மறுபடி மடித்து அயர்ன் பண்ணும் கூலியையும்தான். ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையிலும் வூகாமர்ஸிலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் எங்கிருந்து வந்தது என்ற விவரம் தெரியும். அதை எக்செல்லில் எடுத்து, பக்கத்தில் 'டெலிவரி ஆனது / திரும்பியது' என்று ஒரு நெடுவரிசை போட்டால் போதும். என்னைக் கேட்டால், நீங்கள் செய்யக்கூடிய மிக லாபகரமான ட்ராக்கிங் இந்த ஒரு நெடுவரிசைதான்.

இன்னொரு குழப்பம் நிச்சயம் வரும். மெட்டா 40 ஆர்டர் என்னால் என்று சொல்லும், கூகுள் 35 என்னால் என்று சொல்லும், உங்கள் புத்தகத்தில் மொத்தமே 60 இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. மெட்டா வழக்கமாக கிளிக் செய்த 7 நாளுக்குள்ளும், விளம்பரத்தை வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளும் வந்ததைத் தன் கணக்கில் எழுதும். கூகுள் விளம்பரம் கிளிக்குக்குப் பிறகு 30 நாள் வரை எழுதும். ஒரே கஸ்டமர் இரண்டையும் தொட்டிருப்பார். அவர்களின் எண்ணை வைத்து அவர்களுக்குள்ளேயே ஒரு விளம்பரத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம். மொத்த வரவுக்குக் கல்லாவைத்தான் பார்க்க வேண்டும். போதாததற்கு 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஃபோனில் ஆப்கள் அனுமதி கேட்டுத்தான் ஆளைப் பின்தொடர வேண்டும் என்று மாற்றியதிலிருந்து ஐஃபோன் கஸ்டமர்களைப் பற்றிய விவரம் ஓட்டையாகத்தான் வருகிறது. நம்மிடம் ஆண்ட்ராய்டுதான் அதிகம் என்பதால் ஏதோ தப்பிக்கிறோம்.

கண்காணிப்பு என்று வரும்போது சட்டமும் இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடை செய்கிறது, மற்றவர்களின் தனிப்பட்ட தகவலுக்குப் பொதுவாகச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆர்டர் முடிந்த பக்கத்தின் முகவரியில் கஸ்டமரின் போன் நம்பர் தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். தெரிந்தால் அது அனலிட்டிக்ஸுக்கும் போகிறது என்று அர்த்தம். கூகுளின் விதிப்படியே அது கூடாது.

ஏஜென்சியிடம் நேராக முடியாது என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் இதை மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் எத்தனை பேர் தேவை, எந்தத் தேதியில் முடியும் என்று ஆரம்பிக்கும் முன்பே எழுதித் தருவீர்களா? 'தினமும் பார்ப்போம், ஜெயித்ததும் நிறுத்திவிடுவோம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒன்றேயாக இருந்தாலும், மேலே சொன்ன 95 சதவீத அளவுகோலில் இருபதில் ஒரு டெஸ்ட் வித்தியாசம் காட்டும். நடுவில் பத்துத் தடவை எட்டிப் பார்த்து, சாதகமான நாளில் நிறுத்தினால் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று ஆகிவிடும். எழுதித் தருகிறோம், முழு வாரங்களாக ஓட்டுவோம், திரும்பி வந்த பார்சலைக் கழித்துத்தான் முடிவு சொல்வோம் என்றால் அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் 3,000 என்ற எண்ணைக் கேட்டதும் பேக்கேஜையே விற்க மாட்டார்கள். ட்ராக்கிங்கைச் சரிசெய்து கொடுக்க ஒரு தடவைக் கட்டணம் பேசுவார்கள், அதைக் கொடுங்கள்.