10 ஆம்பியர் போர்டு போதுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, மூன்று வருடமாகக் கடையில் வாங்கிய வேப்தான் (இ-சிகரெட்). இனி நானே ஒன்று செய்யலாம் என்று ஒரு அலுமினியப் பெட்டியும் இரண்டு 18650 லித்தியம் செல்லும் வாங்கிவிட்டேன். காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் போர்டில்தான் குழப்பம். முராட்டாவின் ஓகேஆர்-டி/10 எடுப்பதா, 20 ஆம்பியர் ராப்டரா, டிஎன்ஏவா? என் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) 0.5 ஓம்.
– ஒரு வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை, தம்பி. சிரிக்கவில்லை, 2013-இல் நானும் பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன். ஹாம்மண்ட் 1590பி. சமையலறை மேசையில் வைத்து ட்ரில் போட்டேன். அலுமினியச் சீவல் புளிக்குழம்பில் விழுந்ததை வீட்டில் இன்னும் மறக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 0.5 ஓம் காயிலுக்கு 4.5 வோல்ட் கொடுத்தால் 9 ஆம்பியர் ஓடும், சுமார் 40 வாட். ஓகேஆர்-டி/10 தரக்கூடியது 10 ஆம்பியர், 50 வாட். ஆக, உங்கள் காயிலுக்கு அது போதும். ஆனால் அந்த போர்டு 6 வோல்ட் வரை ஏறும். ஆசைப்பட்டு 6-க்குத் திருப்பினால் அதே காயில் 12 ஆம்பியர் கேட்கும். 6 வோல்ட் வேண்டுமென்றால், 50 வாட்டைத் தாண்டாமலிருக்க, காயில் 0.72 ஓமுக்குக் குறையக் கூடாது.

வெளியே போவது 9 ஆம்பியர் என்றால் செல்லிலிருந்து வருவதும் 9 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இது வோல்டேஜை இறக்கும் போர்டு, அதனால் செல்லை இரண்டையும் தொடராக இணைக்க வேண்டும். முழு சார்ஜில் 8.4 வோல்ட். நடுவில், 7.4 வோல்ட்டில், அதே 40 வாட்டுக்கு போர்டில் வீணாவதையும் சேர்த்துச் செல் கொடுப்பது 6 ஆம்பியர்தான். செல் இரண்டும் சேர்ந்து 6 வோல்ட்டுக்கு இறங்கும்போது 7-ஐத் தாண்டும். நல்ல செல்லுக்கு இது ஒரு சுமையே இல்லை. ராப்டரில் 100 வாட் எடுக்கப் போனால் அதே கடைசிக் கட்டத்தில் கிட்டத்தட்ட 18 ஆம்பியர். அதற்குச் செல்லின் மேலுறையில் அச்சடித்திருப்பதை நம்ப முடியாது, தயாரித்தவரின் டேட்டாஷீட்டில் 20 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 0.5 ஓம் காயிலை வைத்துக்கொண்டு ராப்டர் எதற்கு?

இந்த ஓகேஆர் வேப்புக்காகப் பிறந்தது அல்ல. மெஷின்களின் மதர்போர்டில் உட்கார்ந்து சிப்புகளுக்குக் கரண்ட் கொடுக்கச் செய்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஐந்தே கால்: ஆன்-ஆஃப், உள்ளே, கிரவுண்ட், வெளியே, ட்ரிம். பேட்டரி தீர்ந்துபோகும், தலைகீழாகப் போடுவார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 4.5 வோல்ட் வரை இறங்கினாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்போது ஒவ்வொரு செல்லிலும் 2.25 வோல்ட்தான் மிச்சம், செல் கெட்டுப்போகும் அளவு அது. ஆகவே ஒரு சின்ன வோல்ட்மீட்டர் வைத்து 6.4 வந்ததும் கழற்றுங்கள். செல்லைத் தலைகீழாகப் போட்டால் போர்டு போகாமலிருக்க, கரண்டைத் தடுக்கும் சுவிட்சாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், செல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். இரண்டும் கட்டாயம். பட்டனை ஆன்-ஆஃப் காலில் கொடுத்தால் 10 ஆம்பியரும் அதன் வழியாகப் போகாது, சின்ன பட்டனே போதும்.

இனி ட்ரிம் கால். இதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைக்கும் ரெசிஸ்டர்தான் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. 436 ஓம் வைத்தால் 3.3 வோல்ட், 268 வைத்தால் 5 வோல்ட். ஓம் குறையக் குறைய வோல்ட் ஏறும், நம் கை பழக்கத்துக்கு நேரெதிர். நான் முதல் பெட்டியில் வெறும் பாட் (திருப்பித் திருப்பி ஓமை மாற்றும் பொட்டன்ஷியோமீட்டர்) மட்டும் வைத்துவிட்டேன். குறைக்கிறேன் என்று நினைத்துக் கடைசிவரை திருப்பிப் பட்டனை அழுத்தினேன். காயில் வெள்ளையாக மின்னி, பஞ்சு கருகி, தொண்டையில் இரண்டு நாள் அந்த வாசனை. பாட்டோடு தொடராக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் எவ்வளவு திருப்பினாலும் 6-ஐத் தாண்டியிருக்காது. நாலு பென்ஸ் ரெசிஸ்டர்.

இதெல்லாம் தலைவலி என்றால் டிஎன்ஏ. ஒஹையோவிலுள்ள எவால்வ் கம்பெனி வேப்புக்கென்றே செய்தது. காயிலை அதுவே அளக்கும், ஷார்ட் என்றால் கரண்ட் கொடுக்காது, செல் இறங்கினால் நிறுத்திவிடும், நீங்கள் வாட்டை மட்டும் சொன்னால் போதும். விலை அதிகம். ஆனால் முதல் பெட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். எந்த மாடல் எத்தனை செல்லுக்கு என்று பார்த்து வாங்குங்கள், ஒரு செல்லுக்கானதில் இரண்டைத் தொடராகக் கொடுத்தால் புகைவது போர்டாக இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் எல்எம்2596 போர்டு இரண்டு பவுண்டுக்குக் கிடைக்கிறதே, அது 3 ஆம்பியர் தருமே, போதாதா?
– ஒரு வாசகி, ஹேரோ

பதில்: 3 ஆம்பியர் என்பது சிப்பின் அதிகபட்சம், அம்மா. ஹீட்சிங்க் இல்லாமல் 2-க்கு மேல் கேட்டால் விரல் வைக்க முடியாது. முன்பு எல்லாரும் வைத்திருந்த 1.8 ஓம் காயிலுக்கு 4.2 வோல்ட்டில் 2.3 ஆம்பியர், அதற்கே திணறும். 0.5 ஓமுக்கு நினைக்கவே வேண்டாம். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, பூஜை அறை எல்இடி விளக்குக்கு ஓடுகிறது. அதற்கு அருமை.

கேள்வி: மதுரையிலிருக்கும் மச்சானுக்கும் ஒன்று செய்து, ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், கிராய்டன்

பதில்: வேண்டாம். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் தடைச் சட்டம் இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, தயாரிப்பதும் இறக்குமதியும் குற்றம். பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவதையும் அது தயாரிப்பு என்றுதான் சொல்கிறது. முதல் தடவைக்கே ஓராண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ. மச்சானுக்குச் சாக்லேட் வாங்கிப் போங்கள்.

கேள்வி: தூக்கிப்போடும் வேப்பிலிருந்து எடுத்த செல் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பெட்டி வேப்புக்குப் போடலாமா?
– ஒரு மாணவர், லெஸ்டர்

பதில்: 2025 ஜூன் 1 முதல் அந்த வேப்பை இங்கே பிரிட்டனில் விற்கவே கூடாது, ஆனாலும் உங்கள் டப்பா காலியாகாது போல. பெட்டி வேப்புக்கு வேண்டாம். பெரும்பாலும் ஐந்நூறு சொச்சம் எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) செல், அந்த வேப்பின் சின்னக் காயிலுக்கு மெதுவாகத் தருவதற்குச் செய்தது. 9 ஆம்பியர் கேட்டால் சூடேறி உப்பும். டார்ச்சுக்கு நன்றாக உழைக்கும். செல்லைச் சார்ஜ் செய்யும் டிபி4056 போர்டில் 1.2 கே (1200 ஓம்) ரெசிஸ்டர் இருக்கும், அது 1 ஆம்பியர் தள்ளும், இந்தக் குட்டிச் செல்லுக்கு அதிகம். அதை எடுத்துவிட்டு 4 கே வையுங்கள், 300 மில்லிஆம்பியர் வரும். உப்பியது, நசுங்கியது எதுவும் இருந்தால் வீட்டுக் குப்பையில் போடாமல் பேட்டரி வாங்கும் கடைப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.