கார் அபூர்வம் என்றால் மாடலும் அபூர்வமா?

கேள்வி: கிழக்கு ஜெர்மனியின் வார்ட்பர்க் 353 காரை அளவு குறைத்துச் செய்த மாடல் ஒன்றை வாங்கினேன். படத்தில் பெரிதாகத் தெரிந்தது. கையில் வந்ததோ தீப்பெட்டி அளவுதான். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியாது. நீங்கள் அனுப்பிய விளம்பரத்திலேயே 1:87 என்று இருக்கிறது. நிஜக் காரின் நீளம் 4.22 மீட்டர். 87-ஆல் வகுத்தால் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. 1:43 என்றால் பத்துக்குச் சற்றுக் குறைவு. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போடாதவருக்காக நான் கடைக்காரரோடு சண்டை போட மாட்டேன்.

கேள்வி: ‘மிக அபூர்வம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஓர் இணையக் கடையில் தத்ரா 603 மாடலை 70 யூரோவுக்கு வாங்கினேன். பத்தாம் நாள் பழம்பொருள் சந்தையில் அதே மாடல், அதே நிறம், 9 யூரோ. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், எசன், ஜெர்மனி

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையக் கடையில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம் என்று அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். பணம் வந்துவிட்டது என்று நீங்கள் பதில் போட்டபோது மனம் நிறைந்தது. (விற்றவர் வணிகர் அல்லாத தனிநபர் என்றால் இந்த உரிமை கிடையாது.)

அந்த ‘அபூர்வம்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்லியே தீர வேண்டும். தத்ரா 603 அபூர்வமான கார்தான். செக்கோஸ்லோவாக்கியாவில் 1956 முதல் 1975 வரை, பின்புறத்தில் காற்றால் குளிரும் வி8 எஞ்சினோடு, பெரும்பாலும் அதிகாரிகளுக்காகச் செய்தார்கள். மொத்தம் இருபதாயிரம் சொச்சம். ஆனால் நீங்கள் வாங்கியது கார் அல்ல, மாடல். டி அகோஸ்தினி போன்ற பதிப்பகங்கள் போலந்திலும் ரஷ்யாவிலும் ருமேனியாவிலும் இதழுக்கு ஒரு கார் என்று பத்திரிகைக் கடைகளில் தொங்கவிட்டு விற்ற வகை இது. எஃகு அச்சைச் செய்வதுதான் பெருஞ்செலவு. அதனால் ஒரே அச்சில் ஜமாக் என்னும் துத்தநாகக் கலவையை ஊற்றி ஆயிரக்கணக்கில் எடுத்து, நிறத்தையும் நம்பர் பிளேட்டையும் மாற்றி வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். எண்ணிக்கை அதிகம் என்பதால்தான் விலை குறைவு. அந்தக் குறைந்த விலையால்தான் சாதாரணச் சம்பளக்காரர் வீட்டு அலமாரியிலும் ஒரு தத்ரா நிற்க முடிகிறது. இதழைத் தூக்கி எறிந்துவிட்டு, காரை மட்டும் எடுத்து, எட்டு மடங்கு விலை சொல்கிறவர் அந்த வாய்ப்பையே கெடுக்கிறார். எனக்கு இதில் ஆத்திரம் அடங்குவதே இல்லை.

போலந்தின் சிரேனா கார் மாடலை நானும் இப்படித்தான் வாங்கினேன், ஒரு மாதப் புத்தகச் செலவு முழுவதையும் கொடுத்து. யார் வெளியிட்ட மாடல் என்று அடித்தட்டில் பொறித்திருந்த எழுத்தை நான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் அடித்தட்டின் படத்தைக் காட்டாதவரிடம் எதையும் வாங்குவதில்லை.

கேள்வி: டிராபன்ட் 601 காரின் உடல் உலோகம் அல்ல என்கிறார்கள். என் மாடல் கனமான உலோகம். போலியா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. பருத்தி இழையும் பிசினும் சேர்ந்த டூரோபிளாஸ்ட் நிஜக் காரின் வெளித்தகடுகளுக்கு, மாடலுக்கு ஜமாக்.

கேள்வி: போலந்திலிருந்து ஆறு கார்கள் வரவழைத்தேன். ‘பரிசு’ என்று எழுதச் சொல்லியும் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: உண்மையான ரசீதைக் கொடுத்து வரியைக் கட்டுங்கள். காசு கொடுத்து வாங்கியதைப் பரிசு என்று எழுதச் சொன்னது தவறு. அதற்கு என்னிடம் வழி கேட்காதீர்கள். சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பில் பொம்மைகளோடு அளவு குறைத்த மாடல்களும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. தனிநபர் பார்சலை வேறு தலைப்பில் கணக்கிடுவதும் உண்டு. எப்படிப் போட்டாலும் மலிவுக் கார் மலிவாக வந்து சேராது. ஆர்டர் போடும் முன்பே இதை விசாரித்திருக்க வேண்டும்.

கேள்வி: 74 வயது. இளமையில் நான் ஓட்டிய பனார் பிஎல்17 காரின் மாடலைச் சந்தையில் வாங்கினேன். ஆறு மாதத்தில் முன்பக்கம் வீங்கி, பெயின்ட் கொப்புளித்து, கூரையில் விரிசல் ஓடுகிறது. பசை வைத்து ஒட்டலாமா?
– வாசகர், பாரிஸ்

பதில்: ஐயா, பசை பலன் தராது. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் துளி கலந்தாலும் துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். இதற்கு மருந்து இல்லை. பக்கத்துக் கார்களுக்கு இது தொற்றாது, அஞ்ச வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் விரிசலின் விளிம்பில் புதுப் பூச்சு தெரிகிறது. விற்றவர் அறிந்தே மறைத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு மறைந்த குறைபாட்டுக்கு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. குறையைக் கண்ட நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. படங்களோடு பதிவுத் தபாலில் அவருக்கு எழுதுங்கள். கடிதத்தின் வரைவை என்னிடம் அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.

கேள்வி: அப்பா சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வைத்திருந்தார். அதன் மாடல் 1:43 அளவில் கிடைக்குமா?
– வாசகர், டொரன்டோ

பதில்: அதன் மூலமான இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்ட் கிடைக்கும், வான்கார்ட்ஸ் என்ற மாடல் வரிசையில் வந்திருக்கிறது. பழையது போதுமென்றால் விலையும் கையைக் கடிக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள். சென்னையில் பின்னாளில் செய்த ஹெரால்டுக்கு நான்கு. வாங்குவதற்கு முன் அப்பாவின் பழைய புகைப்படத்தை எடுத்துக் கதவுகளை எண்ணிப் பாருங்கள்.