மந்திரத்துக்குக் கூலி எவ்வளவு?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டு அது. கதையை நடத்துவது நான். நம்ம ஊர்ச் சாயலிலேயே மலையடிவாரத்தில் ஒரு நாட்டை அமைத்திருக்கிறேன். டிராகன், மாயக்குகை எல்லாம் நன்றாகப் போகிறது. ஊருக்குள் நுழைந்தால் மட்டும் சப்பென்று ஆகிவிடுகிறது. “இவ்வளவு மந்திரம் இருக்கிற நாட்டில் ஜனங்கள் ஏன் விறகு சுமக்கிறார்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொருவர் எதற்கெடுத்தாலும் ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரத்தை வீசுகிறார். அன்றாட வாழ்க்கைக்குள் மந்திரத்தை எப்படிக் கொண்டுவருவது?
– பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: விறகைப் பற்றிக் கேட்டாரே, அவரை விட்டுவிடாதீர்கள். நல்ல ஆட்டக்காரர்.

உங்கள் நாட்டில் மந்திரம் இருக்கிறது, மந்திரம் போட்டுப் பிழைக்கிறவர்தான் இல்லை. அப்படி ஒருவரை உட்காரவையுங்கள். அவருக்குக் கூலி எவ்வளவு, அவரால் யார் பிழைப்பு கெட்டது, ஊரில் யார் அவரைத் திட்டுகிறார்கள் என்று யோசியுங்கள். மீதியை விதிப்புத்தகமே பார்த்துக்கொள்ளும். அதில் இருக்கிற அளவுகளைச் சண்டைக்கு மட்டும்தான் நாம் படிக்கிறோம்.

விறகையே எடுத்துக்கொள்வோம். 2014 பதிப்பில் பிரெஸ்டிடிஜிடேஷன் என்கிற குட்டி மந்திரம் ஒரு கன அடிப் பொருளை ஒரு மணி நேரம் சூடாக வைத்திருக்கும். ஒருவரால் ஒரே நேரத்தில் இப்படி மூன்றைத்தான் தாங்கமுடியும். இதை மேலே ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுபோங்கள். காய் பச்சை மாறாமல் உலர இரவு முழுக்க இதமான சூடு வேண்டும். நிறம் போனால் விலையும் போயிற்று. மூன்று கன அடி என்பது ஒரு சாக்குக்குக்கூடக் காணாது. அதற்காக ஒருவர் மணிக்கொரு தரம் எழுந்து மந்திரம் சொல்லவேண்டும். எந்த முதலாளி அதற்குக் கூலி கொடுப்பார்? விறகுதான் மலிவு. நண்பருக்கு இதுதான் பதில்.

அதே மந்திரம் கணவாய்ச் சாலையின் டீக்கடைக்கு வந்தால் கதை வேறு. டீ ஒரு கன அடிக்குள் அடங்கும். அந்த ஒரு மந்திரம் மட்டும் தெரிந்த பையனுக்குக் கடைக்காரர் பத்துச் செம்புக்காசு கூடக் கொடுத்து வைத்திருக்கிறார். அவன் லீவு போட்டால் கடை காற்று வாங்கும். எதிர்க்கடைக்காரர் அவனை இழுக்கப் பார்க்கிறார். உங்கள் ஆட்டக்காரர்கள் அடுத்த வாரம் எங்கே டீ குடிக்கவேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

மெண்டிங் இன்னும் சுவையானது. ஓர் அடிக்கு மேற்படாத ஒரு கிழிசலையோ உடைசலையோ ஒரு நிமிடத்தில், தழும்பே தெரியாமல் சேர்த்துவிடும். மழைக்காலத்தில் குடை ரிப்பேர்காரருக்கு வயிற்றெரிச்சல் என்பது சரி. காணாமல்போன கம்பியை அது வரவழைத்துத் தராது என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால் அவருக்கும் கொஞ்சம் பிழைப்பு மிஞ்சும். ஆனால் தழும்பு தெரியாது என்பதில்தான் பெரிய வில்லங்கம். உடைத்துப் படித்த கடிதத்தின் அரக்கு முத்திரையும் ஒட்டிக்கொள்ளுமே! எல்லைச் செக்போஸ்ட்டில் யார் முத்திரையை நம்புவார்கள்? கடிதத்தோடு சாட்சிக்கு ஓர் ஆளையும் அனுப்பவேண்டிவரும். அந்தச் சாட்சி வேலையை உங்கள் நண்பர்களுக்கே கொடுங்கள்.

இப்போது வயலுக்கு வருவோம். மேற்கே ஓடிய ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய ஊர்க்காரர் நீங்கள். 999 வருடக் குத்தகை என்று ஒரு கதையில் எழுதினால் ‘கொஞ்சம் ஓவர்’ என்பார்கள். நம் பெரியாற்று அணைக்கு 1886-இல் அப்படித்தான் எழுதினார்கள். அது பெரிய மந்திரம். அன்றாட மந்திரம் என்பது யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று மண்வெட்டியோடு நிற்கும் நீர்க்கட்டியின் கையில் இருக்கிறது.

பிளாண்ட் குரோத் என்ற மந்திரத்தை எட்டு மணி நேரம் உட்கார்ந்து போட்டால் அரை மைல் ஆரத்துக்கு ஒரு வருடம் இரட்டை விளைச்சல். கணக்குப் போட்டால் ஒரு வட்டம் சுமார் 500 ஏக்கர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர். தினம் ஒரு வட்டம் என்று ஒரே ஒரு ட்ரூயிட், அதாவது இயற்கை மந்திரவாதி, கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டம் வட்டம்தான், வயலோ வரப்புக்கு அடங்கினது. ஒருவர் நிலத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே. வட்டங்களுக்கு நடுவே விடுபடும் மூலைகளில் நிலம் வைத்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? தலைமடையில் தொடங்குவதா, கடைமடையில் தொடங்குவதா என்று பஞ்சாயத்து கூடும். கோரையும் சேர்ந்து தழைக்குமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அப்புறம் அறுவடை வந்தால் எல்லாருக்கும் இரட்டை நெல், களத்துமேட்டிலேயே விலை சரியும். அடுத்த வருடம் அந்த ட்ரூயிட்டை ஊருக்குள் விடக்கூடாது என்று ஒரு கூட்டமும், வந்தே ஆகவேண்டும் என்று ஒரு கூட்டமும் மறியலில் உட்காரும். டிராகன் இல்லாமலே நாலு வாரம் ஓட்டலாம்.

ஒன்று மட்டும். எல்லா மந்திரத்துக்கும் இப்படிக் கணக்குப் பார்க்கவேண்டாம், ஆட்டம் ஆடிட்டர் ஆபீஸ் ஆகிவிடும். ஊருக்கு இரண்டோ மூன்றோ போதும்.

ஃபயர்பால் நண்பருக்கு வருகிறேன். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை உங்கள் தெருக்களுக்குள் வந்தது நினைவிருக்கும். கடைசியில் மயக்க ஊசியும் கும்கிகளும்தான் காரியத்தை முடித்தன. அதே அளவு மிருகம் ஒன்றை உங்கள் கதையின் திராட்சைத் தோட்டத்துக்குள் விடுங்கள். ஃபயர்பால் இருபதடி ஆரத்தில் எரியக்கூடியதையெல்லாம் பற்றவைக்கும். நண்பர் கையைத் தூக்கும்போது தோட்டக்காரர் ஓடிவந்து, “பந்தல் காசை நீ கொடுப்பியாப்பா?” என்று கேட்கட்டும்.