நான்கு ஆண்டுகளாகப் பைக்குள் கிடக்கும் புடவைகள்

கேள்வி: கோலாலம்பூர் பந்தாய் டாலாமில், 700 சதுர அடியில் மூன்று அறைகள் கொண்ட பி.பி.ஆர். (அரசின் மலிவு வாடகை) அடுக்குமாடி வீட்டில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு ஐந்து பேர் இருக்கிறோம். பெரிய அறை எங்களுக்கு. இரண்டாவது அறை எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் மகனுக்கு, மூன்றாவது அறை முழுக்கச் சாமான்கள். பதினான்கு வயது மகளும் மாமியாரும் ஹாலில் படுக்கிறார்கள். மாமியாரின் துணிமணிகள் ஒரு பயணப் பைக்குள் அடங்கிவிடுவதால் அவரால் இடச் சிரமம் இல்லை. கூரைவரை அலமாரி அடிப்பதா, அல்லது சாமான்களை வைக்க வெளியில் தனி இடம் வாடகைக்கு எடுப்பதா?

பதில்: சகோதரி, நீங்கள் அலமாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் அந்தப் பயணப் பையைப் பற்றிப் பேசப்போகிறேன். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மாமியார் உங்களிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று கடிதத்தின் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக ஒரு பெண்மணி தன் புடவையைப் பையிலிருந்து எடுத்து, உடுத்தி, துவைத்து, மடித்து, மறுபடியும் பைக்குள்ளேயே வைக்கிறார் என்றால், அவர் இன்னும் உங்கள் வீட்டில் விருந்தாளியாகத்தான் இருக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்து வரிசை வீட்டில்கூட அவருக்கென்று ஒரு டிரங்குப் பெட்டி இருந்திருக்கும். அவர் வாய் திறந்து எதுவும் கேட்காததை நீங்கள் வசதி என்று கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

மூன்றாவது அறையில் இருப்பவை என்று நீங்கள் தந்த பட்டியலைப் படித்தேன்: மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த எவர்சில்வர் பாத்திரங்கள், பிள்ளைகளின் பழைய தொட்டில், ஓடாத தொலைக்காட்சி, மூடி காணாமற்போன டப்பர்வேர்கள். (மூடி இல்லாத டப்பாவை ஏன் நம் வீடுகளில் எறிய மனம் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) கல்யாணப் பாத்திரங்களுக்குக் கதவும் பூட்டும் உள்ள அறை கிடைத்திருக்கிறது, கல்யாணப் பெண்ணோ உடை மாற்றக் குளியலறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் கணவர் மீதும் எனக்குக் கோபம்தான். பெற்ற தாய்க்கு ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குவது மருமகளின் தயவுக்கு விட வேண்டிய காரியமன்று, மகனின் கடமை.

வெளியில் இடம் எடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். 124 ரிங்கிட் வாடகை வீட்டில் இருந்துகொண்டு உடைந்த தொட்டிலுக்குத் தனி வாடகை கட்டுவது நியாயமில்லை. அதை வெளி நடைபாதையில் தள்ளவும் வேண்டாம், தீ விபத்தின்போது அக்கம்பக்கத்தார் ஓட வேண்டிய வழி அது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் மகனும் அந்த அறையைக் காலி செய்யட்டும். எஸ்.பி.எம். படிப்பு இரண்டு காலை நேரங்களில் கெட்டுவிடாது.

காலியான அறை பாட்டிக்கும் பேத்திக்கும். மூன்றடி அகல ஒற்றைக் கட்டில் ஒன்று, அதன் அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் இன்னொரு கட்டில் பேத்திக்கு; பகலில் உள்ளே தள்ளிவிட்டால் நடக்கவும் படிக்கவும் தரை கிடைக்கும். அடுக்குக் கட்டில் வாங்காதீர்கள், கீழ்த்தட்டில் படுக்கும் முதியவர் ஒவ்வொரு முறை எழும்போதும் தலை இடிக்கும். பாட்டியின் கட்டில் மெத்தையோடு சேர்த்து 18 அங்குல உயரமளவில் இருந்தால், அவர் உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் பதியும். கடைக்கு அவரையே அழைத்துச் சென்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹாலில் மின்விசிறிக்குக் கீழேதான் படுப்பேன் என்று அவர் சொன்னால் அப்படியே விடுங்கள், ஆனால் அதை அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்போதும் அலமாரியில் அவர் பங்கு குறையக்கூடாது.

அலமாரி கூரைவரை அடிக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் சுவரோடு ஒட்டிய பலகை பூசணம் பிடிக்கும் என்பதால், பின்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். உச்சித் தட்டுகளில் கல்யாணப் பாத்திரங்கள் ஏறட்டும். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட, குனியாமலும் எக்காமலும் கை போகும் தட்டுகள் மாமியாருக்கு. புடவைகளை அவரே அடுக்கட்டும், நீங்கள் அடுக்கித் தராதீர்கள்.

அந்தப் பயணப் பையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு, அதில் தீபாவளி விளக்குகளை வையுங்கள்.