நழுவிய இடுப்பு மூட்டு: எலும்பின் தலையை எடுத்துவிட்டால் நாய் நடக்குமா?

கேள்வி: ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருக்கும் என் நாய்க்கு மூன்று வயது, எடை 18 கிலோ. ஆறு நாளைக்கு முன் வண்டி மோதி வலது பின்னங்கால் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. அன்றே மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே ஏற்றிக் கட்டுப் போட்டார். மூன்றாம் நாள் மறுபடி நழுவிவிட்டது. இனி அறுவை சிகிச்சைதான், தேவைப்பட்டால் எலும்பின் தலையையே எடுக்க வேண்டிவரும் என்கிறார். எலும்பை வெட்டினால் நாய் எப்படி நடக்கும்? அப்படியே விட்டால் தானாகச் சரியாகாதா?

பதில்: நடக்கும். பழகிவிட்டால் ஓடவும் செய்யும். இந்த எடையில் உள்ள நாய்க்குத் தயங்க வேண்டியதே இல்லை. ஆனால் அப்படியே விடுவது மட்டும் வேண்டாம்.

மறுபடி நழுவியதற்கு நீங்களும் காரணமல்ல, மருத்துவரும் காரணமல்ல. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் ஒரு சிறு தசைநாராலும் சுற்றியுள்ள உறையாலும் நிற்கிறது. வண்டி மோதும்போது இரண்டும் கிழிந்துவிடுகின்றன. அதனால்தான் வெட்டாமல் ஏற்றிய மூட்டுகளில் ஏறக்குறைய பாதி திரும்ப நழுவுகின்றன. நழுவிய தலை பெரும்பாலும் மேலேயும் முன்னாலும் ஏறி, இடுப்பெலும்பில் உரசிக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆகக் குருத்தெலும்பு தேயும், தசை சுருங்கும், வலியும் நொண்டலும் நிலைத்துவிடும். ஆறு நாள் ஆகிவிட்டது. இந்த வாரத்துக்குள் முடிவெடுங்கள்.

உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மூட்டைக் காப்பாற்றுவது. திறந்து பார்த்து, தலையைக் கிண்ணத்தில் உட்கார வைத்து, கிழிந்த உறையைத் தைப்பார்கள். உறை தைக்கிற நிலையில் இல்லையென்றால், கிண்ணத்தின் அடியில் துளையிட்டு, வலுவான இழை கட்டிய சிறு கம்பியை அதன் வழியே நுழைப்பார்கள். அந்தப் பக்கம் போனதும் கம்பி குறுக்கே திரும்பிக்கொள்ளும். காஜாவில் நுழைத்த சட்டைப் பொத்தான் பிடித்துக்கொள்வது போலத்தான். அறுந்த தசைநாரின் வேலையை அந்த இழை செய்யும். அது என்றைக்கும் தாங்க வேண்டியதில்லை. சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து மூட்டைப் பிடிக்கும் வரை தாங்கினால் போதும்.

அந்தச் சில வாரம்தான் சோதனை. நான்கு முதல் ஆறு வாரம் ஓட்டம், தாவல், படி, வழுக்கும் தரை எதுவும் கூடாது. மலசலத்துக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே விட வேண்டும். காவல் நாயை ஆடுகளின் சத்தம் கேட்கும் இடத்தில் கட்டினால் துள்ளாமல் இருக்காது. அதற்குத் தனியிடம் இருந்தால் மட்டுமே இந்த வழியைக் கேளுங்கள்.

இரண்டாவது, தொடை எலும்பின் தலையையும் அதைத் தாங்கும் கழுத்துப் பகுதியையும் எடுத்துவிடுவது. குருத்தெலும்பு கெட்டிருந்தாலோ, தலையோ கிண்ணமோ உடைந்திருந்தாலோ, கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தாலோ இதுதான் நல்லது. எலும்போடு எலும்பு உரசுவது நின்றுபோகும். அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து பொய்மூட்டாகும். தசைகள் அதைத் தாங்கும். கால் சற்றுக் குட்டையாகும், அவ்வளவுதான். எடை 20 கிலோவுக்குள் இருக்கும் நாய்களுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. அதைவிடப் பெரிய நாய்களுக்குச் செயற்கை மூட்டையும் யோசிப்பார்கள்.

இங்கே ஓய்வு கொடுத்தால்தான் கெடுதல், பலர் தவறுவதும் இங்கேதான். பாவம் என்று கட்டிப்போட்டுவிட்டால் தசை வற்றிக் கால் விறைத்துவிடும். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே, நடக்க விடுங்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நீங்கள் மெதுவாக, மிக மெதுவாக நடங்கள். வேகமாக இழுத்தால் நாய் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தும். மெதுவாக நடந்தால்தான் நான்காவதையும் ஊன்றும். முதலில் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும், பிறகு பாதம் முழுதும் படியும். நாய் படுத்திருக்கும்போது காலை வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டிவிடுங்கள். நன்றாக ஊன்றப் பல வாரம் ஆகும், முழுப் பலன் தெரியச் சில மாதமும் ஆகலாம். எடை மட்டும் ஏறவே கூடாது.

வலிக்கு என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். நாய்க்கான வலி மருந்தை மருத்துவரிடமே வாங்குங்கள்.

எக்ஸ்ரேயைக் காட்டி, "கிண்ணத்தின் ஆழம் சரியாக இருக்கிறதா, மறுபக்கத்து இடுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். ஆழமில்லை என்றால் அது பரம்பரையாக வரும் குறை. அந்த நாயைக் குட்டி போட விட வேண்டாம்.