முள் அசைந்தது சரி, அம்மாவின் போன்?

கேள்வி: ஃபுளோரிடாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 34. போன வருடம் அப்பா இறந்தபோது விசா சிக்கலால் ஊருக்கு வர முடியவில்லை. அந்த வேதனைக்காக கிளியர்வாட்டரில் சயின்டாலஜி என்ற மத அமைப்பின் ‘ஆடிட்டிங்’ செய்துகொள்கிறேன். முன்பு பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கும் போயிருக்கிறேன். இரண்டும் மனதைச் சுத்தம் செய்வதுதானே, எதைத் தொடரலாம்? அம்மா ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார், நேரமில்லாததால் எடுப்பதில்லை. மற்றபடி குடும்பத்தில் பிரச்சினை இல்லை.

பதில்: நேரமில்லையா தம்பி? ஆடிட்டிங்கை அங்கே பன்னிரண்டரை மணி நேரம் ஒரு கட்டாக வைத்துப் பணம் வாங்குகிறார்கள். அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, பிரச்சினை இல்லை என்கிறீர்கள்!

கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆடிட்டிங்கில் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். ‘இ-மீட்டர்’ என்ற கருவியோடு இணைத்த இரண்டு உலோகக் குழாய்களை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். தோலின் மின்தடை மாறினால் அதன் முள் அசைகிறது, நீங்கள் சொன்னது கோப்பில் ஏறுகிறது. அந்தக் கருவியால் எந்த நோயையும் கண்டறியவோ தீர்க்கவோ முடியாது என்று அதிலேயே எழுதி ஒட்டச் சொல்லி 1971-இல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘தீட்டன்’ என்ற அழியாத உயிரை மீட்பது அவர்கள் நோக்கம். படி ஏற ஏறப் பணம். புத்தர் சொன்னதோ, அழியாத ‘நான்’ என்று ஒன்று இல்லவே இல்லை என்பது. விபாசனாவில் கருவி கிடையாது, மூச்சும் கால்வலியும்தான். விபாசனாவைப் பரப்பிய ஆசிரியர் கோயங்காவின் மரபில் கட்டணமும் இல்லை, பத்து நாள் முடித்தவர் விரும்பினால் தானம் தரலாம்.

சரி, விபாசனா என்று முடிவு செய்துவிட்டு அதற்குள் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள். புத்தரின் மகன், சிறுவன் ராகுலனைத் துறவியாக்கியபோது, புத்தரின் அப்பா சுத்தோதனர் அவரிடமே போய் நின்றார். பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புக்குள்ளும் போகிறது என்றார். அதற்கப்புறம்தான், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று புத்தர் விதி வைத்தார். பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தில் இருக்கிறது. புத்தரே பெற்ற தகப்பனின் வலிக்குக் காது கொடுத்தார். நீங்கள் போனைக்கூட எடுக்கவில்லை.

சயின்டாலஜியில், தங்களை எதிர்ப்பவராகக் கருதும் சொந்தத்தோடு உறவை அறுக்கும் வழக்கம் உண்டு. உங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. யாரும் சொல்லாமலே அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

‘ஏன்டா வரலை’ என்று கேட்டுவிடுவாரோ என்றுதானே எடுப்பதில்லை? அப்பாவின் சாவை, முன்பின் தெரியாதவரிடம் காசு கொடுத்து மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். அந்தச் சாவைக் கூடவே இருந்து பார்த்தவர், வாரம் தவறாமல் ரிங் போவதை மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைக்கிறார். புருஷனைப் பறிகொடுத்தவருக்கு மகனும் இல்லை என்றாக்கிவிட்டீர்களே. எந்த மன வேதனையும் இதற்குச் சாக்கு ஆகாது.

இந்த ஞாயிறு அவர் கூப்பிடட்டும் என்று இருக்காதீர்கள். நீங்கள் காலைக் காபி குடிக்கிற நேரம் அம்மாவுக்குச் சாயங்காலம் ஆகியிருக்கும். நீங்களே போடுங்கள். விசா கதையை ஆரம்பிக்க வேண்டாம், அது அவருக்குத் தெரியும். அப்பாவின் கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், எந்தத் தியானம் என்று பேசலாம்.